எல்.என். 85 ஹைலக்ஸை ஃபோர் வீலாக மாற்றலாமா? வடமராட்சி கிழக்கு மணலும் வன்னிச் சேறும் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

தாளையடித் தம்பி

அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் இருக்கிறது. எல்.என். 85, 2எல் டீசல் எஞ்சின், பின்சில்லு மட்டும் இழுக்கிற மொடல். அப்பா வாங்கிய வாகனம், எஞ்சின் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது, விற்க மனமில்லை. விடிய தாளையடி, செம்பியன்பற்றுப் பக்கம் கரையிலிருந்து ரெஜிபோம் பெட்டிகளில் மீன் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோவோம். காலபோக அறுவடை நேரம் மாமாவின் வயலுக்குக் கிளிநொச்சிப் பக்கம் போய் நெல் மூட்டை ஏற்றுவோம். இரண்டு இடத்திலும் புதைகிறது. கரையில் உழவு மெசின் வைத்திருப்பவர்களைக் கெஞ்சி இழுபட வேண்டியிருக்கிறது, அதற்குள் ஐஸ் உருகி மீன் விலையும் இறங்கிவிடுகிறது. இதையே ஃபோர் வீலாக மாற்றினால் என்ன என்று யோசிக்கிறேன். ஒரு கராஜில் "ட்ரான்ஸ்பர் கேஸும் முன் டிஃப்பும் கொண்டு வா, பூட்டித் தருகிறோம்" என்று லேசாகச் சொன்னார்கள். எஞ்சினின் இழுவையை முன்சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் ட்ரான்ஸ்பர் கேஸ், அதை இடம் வலம் இரண்டு சில்லுக்கும் பகிர்கிற பல்லுப் பெட்டி டிஃப். அவ்வளவு லேசா? செய்தவர்கள், செய்வதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

பழைய கராஜ்

தம்பி, பதில் சொல்ல முதல் நாலு கேள்வி. மணலில் புதையும்போது பின்சில்லு இரண்டும் சுற்றுகிறதா, ஒன்று மட்டும் சுற்றுகிறதா? வயலில் எப்படி? வெறும் பெட்டியோடு புதைகிறதா, பாரம் ஏற்றிய பிறகா? ரயருக்கு எவ்வளவு காற்று வைத்து ஓடுகிறாய்? இதற்குச் சரியான பதில் வராமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதே. முன்சில்லு இழுக்காததால் புதைகிறதா, பின்சில்லு ஒன்று சும்மா சுற்றுவதால் புதைகிறதா என்பது இரண்டும் வேறு வேறு நோய்.

தாளையடித் தம்பி

பழைய கராஜ் அண்ணை, கரையில் இரண்டு பின்சில்லும் கிட்டத்தட்ட ஒன்றாக இறங்குகிறது, பாரம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் கூட. வயலில் ஒன்று மட்டும் விர்ரென்று சுற்றும், மற்றது அசையாது. காற்று எப்போதும் 45 பி.எஸ்.ஐ. பாரம் ஏற்றுகிறோம் என்பதால் குறைப்பதே இல்லை.

மெல்பேண் மச்சான்

நான் இருப்பது மெல்பேணில், சொந்த ஊர் நெல்லியடி. இங்கே பழைய ஹைலக்ஸை இப்படி மாற்றுவது புதிய விஷயமே இல்லை. 1988 தொடக்கம் 1997 வரை வந்த அந்தத் தலைமுறையில் ஃபோர் வீல் எல்.என். 106 முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் முழு அக்சிலும் கொண்டது. அந்த முன் அக்சிலைக் கீழே கொண்டுவந்து பூட்டிவிட்டால் வாகனம் மலையும் ஏறும். தம்பி ஆசைப்படுகிறார், வாகனமும் நல்ல வாகனம், ஏன் தடுக்கிறீர்கள்? ஒன்று மட்டும் சொல்கிறேன், இங்கே விக்ரோறியா மாநிலத்தில் இந்த வேலை செய்தால் வாஸ் திட்டத்தில் பதிவுபெற்ற பொறியாளர் பார்த்துச் சான்றிதழ் தந்த பிறகுதான் றோட்டுக்கு இறக்கலாம். வெல்டிங், பிரேக், ஸ்ரியரிங் எல்லாவற்றையும் நோண்டிப் பார்ப்பார்கள். அங்கே அப்படி ஒருவர் வந்து பார்க்காவிட்டாலும் அந்தத் தரத்தில் செய்யுங்கோ.

பழைய கராஜ்

மச்சான், நான் தடுக்கவில்லை. என்ன வேலை என்று தெரியாமல் இறங்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன். "கொண்டு வா, பூட்டுகிறோம்" என்ற கதைக்காக நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி தம்பி.

உன் எல்.என். 85இல் முன்பக்கம் மேல்கை, கீழ்கை, முறுக்குக் கம்பி வைத்த அமைப்பு. முன் ஹப்புக்குள்ளே அக்சில் போவதற்கு வழியே கிடையாது, அது சும்மா சுற்றுகிற சில்லு. எல்.என். 106இல் முழு அக்சில், அதை இரண்டு பக்கமும் வில்லுத்தகடுகள் தாங்கும். ஆகவே உன் செஸியின் முன்பக்கத்தில் கீழ்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்து, வில்லுக்கு முன்னும் பின்னும் தாங்கிகள் செய்து வெல்டிங் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாகனம் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும்.

அடுத்தது ஸ்ரியரிங். உன்னுடைய ஸ்ரியரிங் பொக்ஸின் கை இடம் வலமாக ஆடும். முழு அக்சில் ஹைலக்ஸில் அந்தக் கை முன்னும் பின்னுமாக ஆடி, நீளமான தடியால் நக்கிளை, அதாவது முன்சில்லைத் தாங்கித் திருப்புகிற துண்டை, தள்ளி இழுக்கும். ஆகவே பொக்ஸையும் மாற்றி, அதைத் தாங்கும் இடத்தில் செஸியைப் பலப்படுத்த வேண்டும். இந்த இடத்தில் வெல்டிங் விட்டால் றோட்டில் ஸ்ரியரிங் கையோடு வரும், அதற்குப் பிறகு கதைக்க ஆள் இருக்காது.

கியர் பொக்ஸுக்கு வருவோம். டூ வீல் பொக்ஸின் வால்பகுதி நீளமானது, அதிலிருந்து பிரொப்பெல்லர் சாஃப்ட் நேரே பின்னால் போகும். அந்த வாலில் ட்ரான்ஸ்பர் கேஸைக் கொழுவ முடியாது. பொக்ஸைப் பிரித்து வெளிச்சாஃப்டையும் கூட்டையும் மாற்ற வேண்டும், அதைவிட ஃபோர் வீல் கியர் பொக்ஸையும் ட்ரான்ஸ்பர் கேஸையும் சோடியாக எடுப்பது நல்லது. சோடியாகப் போட்டால் பின் பிரொப்பெல்லர் சாஃப்டை அளவு பார்த்து வெட்டி, திரும்ப பலன்ஸ் பண்ண வேண்டும். முன்னுக்கு ஒரு புதிய சாஃப்ட். பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் வேறு. மைல் மீற்றர் வயர் ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து வர வேண்டும். சைலன்சர் குழாய் முன் சாஃப்டில் முட்டும், அதையும் தள்ளிப் போட வேண்டும். எஞ்சினுக்குக் கீழே ஒயில் சம்ப் முன் டிஃப்பில் இடிக்கிறதா என்று பார், ஃபோர் வீல் மொடலுக்கு சம்பின் வடிவமே வேறு. பிரேக் ஹொஸ் நீளமாக வேண்டும். முன்பக்கம் உயர்ந்தால் பின்பக்கத்தையும் உயர்த்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிஃப் விகிதம், சில்லு ஒரு சுற்று சுற்ற பிரொப்பெல்லர் சாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். பின்னால் 4.10, முன்னால் 4.30 என்று போட்டால் ஃபோர் வீலில் விழுத்தியவுடன் முன்சில்லும் பின்சில்லும் நூற்றுக்கு ஐந்து அளவு வித்தியாசத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மணலில் கொஞ்சம் வழுக்கித் தப்பும், கெட்டித் தரையில் ட்ரான்ஸ்பர் கேஸ் உடையும். கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் டிஃப் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அங்கேயே பார். ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தை இருபது சுற்று சுற்று, பிரொப்பெல்லர் சாஃப்ட் பக்கம் 41 சுற்று வந்தால் 4.10, 43 வந்தால் 4.30. சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு எண்ணினால் பிழைக்காது. முன் டிஃப் எந்தப் பக்கம் ஒதுங்கி இருக்கிறதோ அதே பக்கத்தில்தான் ட்ரான்ஸ்பர் கேஸின் முன்வாயும் இருக்க வேண்டும். ஹைலக்ஸுக்கு அது வலப்பக்கம். வேறு கொம்பனியின் டிஃப்பைக் கொண்டுவந்து கலக்காதே.

90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த ஊர் இது. எங்கள் ஆட்களின் கைக்கு இந்த வேலை வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துண்டு துண்டாகச் சாமான் தேடிச் செய்த வாகனங்கள் அரைகுறையாகக் கராஜ் மூலையில் நிற்பதைத்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். செய்வதென்றால் ஒரு முழு எல்.என். 106 சாமான் கட்டு ஒரே வாகனத்திலிருந்து வேண்டும். முன் அக்சில், பின் அக்சில், கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர், சாஃப்டுகள், ஸ்ரியரிங் பொக்ஸ், தாங்கிகள் எல்லாம்.

வன்னி வயல்

பழைய கராஜ் அண்ணை சொன்ன கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒரு லேண்ட்மாஸ்டரும், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினும், பெட்டியும் வாங்கிவிடலாம். நான் பரந்தன் பக்கம் வயல் செய்கிறேன். வயலுக்குள் வாகனம் இறக்குவதே பிழையான பழக்கம். மூட்டையை லேண்ட்மாஸ்டரில் வரம்பு தாண்டி கிறவல் றோட்டுக்குக் கொண்டுவாருங்கள், அங்கே நின்று கெப்பில் ஏற்றுங்கள். ஃபோர் வீல் என்றாலும் வன்னிச் சேற்றில் பாரத்தோடு அடித்தளம் தட்டினால் நாலு சில்லும் சும்மா சுற்றும். எங்கள் பக்கம் ஒரு புதிய டபுள் கெப், நல்ல ஃபோர் வீல், மார்கழி மழைக்குள் வயலுக்குள் இறங்கிப் பின்னேரம் வரை நின்றது. கடைசியில் இழுத்தது உழவு மெசின்தான்.

மெல்பேண் மச்சான்

வன்னி வயல் எழுதியது: "ஃபோர் வீல் என்றாலும் வன்னிச் சேற்றில்..."

அது ஓட்டுபவர் ரயரைப் பார்க்காததால் வந்தது. றோட்டு ரயரோடு சேற்றில் இறங்கினால் பள்ளங்கள் அடைத்து வழவழப்பாகிவிடும், நாலு சில்லு இழுத்தென்ன, எட்டு இழுத்தென்ன. சேற்றுக்கு ஆழமான கட்டை வைத்த ரயர் வேண்டும். அத்தோடு லோ ரேஞ்சை, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியரை, மறக்காதேங்கோ. பழைய ஹைலக்ஸ் ட்ரான்ஸ்பர் கேஸில் லோ 2.28 மடங்கு குறைக்கும். முதல் கியரில் லோவையும் போட்டால் எஞ்சினை அலற விடாமல் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வெளியே வரலாம். டூ வீலில் இதற்கு ஈடாக ஒன்றுமே இல்லை. கிளச்சை எரித்து எரித்து எடுக்க வேண்டியதுதான்.

மணற்காட்டான்

சேற்றைப் பற்றி எனக்குத் தெரியாது, மணலைப் பற்றிச் சொல்கிறேன். தம்பி, 45 பி.எஸ்.ஐயோடு கடற்கரை மணலில் இறங்கினால் எந்த வாகனமும் புதையும். மணலுக்கு இறங்க முதல் நாலு ரயரையும் 18 அளவுக்கு இறக்கு, வெறும் பெட்டி என்றால் 15 வரைக்கும் போகலாம். ரயர் பரந்து நீளமாகப் படுக்கும், பாரம் பரவும், சில்லு மணலை வெட்டாமல் மேலே மிதக்கும். உன் வாகனம் இன்னொரு வாகனமாக மாறியதுபோல இருக்கும், நீயே பார்ப்பாய். ஆனால் காற்று இறக்கிய ரயரோடு சடாரென்று திருப்பாதே, றிம்மிலிருந்து ரயர் கழன்றுவிடும். நிற்பதென்றால் பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்க விடு, பிரேக் அடித்தால் சில்லுக்கு முன்னால் ஒரு மணல் மேடு கட்டிவிடும், திரும்ப வெளிக்கிட அதுதான் மறிக்கும். சரிவு கீழ்நோக்கி இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்து. சில்லு சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடு. பெட்டிக்குள் இரண்டு நல்ல பலகையும் ஒரு மண்வெட்டியும், பற்றரியில் பூட்டுகிற சின்னக் காற்றுப் பம்பியும் எப்போதும் கிடக்கட்டும். தார் றோட்டில் ஏற முதல் காற்றைத் திரும்ப அடிக்காமல் பாரத்தோடு ஓடினால் ரயரின் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும்.

இன்னொன்று, ஃபோர் வீல் செய்துவிட்டு மணற்காட்டுப் புட்டிகளில் ஏற்றி விளையாட வராதேங்கோ. பழைய அந்தோனியார் தேவாலயத்தை மூடிய மணல் அது. அதைப் பிடித்து வைக்கத்தான் சவுக்கு நட்டார்கள். ஏற்கனவே களவாக அள்ளுகிறவர்களால் புட்டி தேய்கிறது, சில்லுத் தடமும் சேர்ந்தால் அடம்பன் கொடி அறுந்து காற்றுக்கு மணல் எழும்பி வீட்டுக்குள் வரும். சுண்டிக்குளமும் அப்படித்தான், 2015இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். பாதையை விட்டு இறங்காதேங்கோ.

பருத்தித்துறை அக்கா

எல்லாரும் இரும்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள், புத்தகத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் காப்புறுதி வேலையில் இருக்கிறேன், அதனால் இது கண்ணில் படுகிறது. வாகனப் புத்தகத்தில் செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், வாகன வகை எல்லாம் இருக்கும். ஹைலக்ஸின் செஸி இலக்கம் வலப்பக்க முன்சட்டத்தில், சில்லுக்குக் கிட்ட அடித்திருக்கும். பழைய கராஜ் அண்ணை சொன்ன வெட்டும் வெல்டிங்கும் நடக்கப்போவது அதற்குப் பக்கத்தில்தான். அந்த இலக்கம் சூட்டில் அழிந்தாலோ கிறைண்டர் பட்டாலோ அந்த வாகனத்தை விற்கவும் முடியாது, பொலிஸ் மறித்தால் விளக்கம் சொல்லவும் முடியாது. சிலர் சுலபவழி என்று எல்.என். 106இன் செஸியையே எடுத்து மேலே தங்கள் கெப்பை வைத்துவிட்டுப் பழைய புத்தகத்தோடு ஓடுகிறார்கள். அது மாற்றம் இல்லை தம்பி, வேறு வாகனத்தை உன் புத்தகத்தில் ஓட்டுவது. அந்தப் பக்கமே போகாதே.

வேலை தொடங்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேள், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கும் அவர்களின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள். காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவி. விபத்து ஒன்று நடந்து, மதிப்பீட்டாளர் வந்து கீழே குனிந்து பார்த்து, புத்தகத்தில் இல்லாத முன் அக்சிலைக் கண்டால் உன் கோரிக்கை அந்த இடத்திலேயே சிக்கும். உன் வாகனத்துக்கு மட்டுமென்றால் பரவாயில்லை, அடிபட்ட மற்ற ஆளின் நட்டஈடும் அதற்குள் இருக்கிறது.

பிரீரன்னர் காரன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பிந்திய தலைமுறை ஹைலக்ஸ் விகோ, தாய்லாந்தில் பிரீரன்னர் என்று விற்ற உயரமான டூ வீல், 2கே.டி. எஞ்சின். இதுவும் அதே வேலையா, லேசா?

பழைய கராஜ்

பிரீரன்னர் கன லேசு. அந்த வகையே ஃபோர் வீலின் உயரத்திலும் முன் அமைப்பிலும் கட்டியதுதான், ஸ்ரியரிங்கைத் தொடத் தேவையில்லை, செஸி வெட்டுகிற வேலையும் பெரிதாக இராது. முன் டிஃப், இரண்டு பக்க அக்சில், ஃபோர் வீல் கியர் பொக்ஸும் ட்ரான்ஸ்பரும், இரண்டு சாஃப்ட், வயறிங். ஆனால் முதலில் ஒரு முன்சில்லைக் கழற்றி நக்கிளையும் ஹப்பையும் பார், அக்சில் நுழைய உள்ளே பல் வெட்டியிருக்கிறதா, இல்லையா என்று. இல்லாவிட்டால் அவையும் சாமான் கட்டில் சேரும். டிஃப் விகிதம் இங்கேயும் அதே கதை. விகோவின் லோ 2.566, பழைய ஹைலக்ஸைவிடக் கூட இழுக்கும்.

தாளையடித் தம்பிக்குத் திரும்ப வருகிறேன். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் கரையில் உனக்கு இருப்பது காற்றுப் பிரச்சினை, மணற்காட்டார் சொன்னதுதான் மருந்து. வயலில் இருப்பது டிஃப் பிரச்சினை. சாதாரண டிஃப் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் பகிரும், ஒன்று சேற்றில் வழுக்கி ஒன்றுமில்லாமல் சுற்றினால் மற்றதுக்கும் அந்த ஒன்றுமில்லாததுதான் போய்ச் சேரும். பின் டிஃப்புக்கு லொக் போட்டால் இரண்டு சில்லும் சேர்ந்து சுற்றும். வாங்க முதல் உன் டிஃப்பின் அளவையும் அக்சில் பல்லின் எண்ணிக்கையையும் பார், டூ வீல் ஹைலக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிஃப் இல்லை. லொக்கை வயலில் மட்டும் போடு, தார் றோட்டில் போட்டுத் திரும்பினால் அக்சில் முறுகும். காசு இல்லாவிட்டால் ஒரு பழைய உபாயம், சில்லு வழுக்கத் தொடங்கும்போது ஹாண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து மெதுவாக எஞ்சினைக் கொடு, சுற்றுகிற சில்லு பிடிபட்டு மற்றதுக்குக் கொஞ்சம் முறுக்கு போகும். எப்போதும் எடுபடாது, மெல்லிய சேற்றில் எடுபடும்.

மெல்பேண் மச்சான்

லொக்கும் காற்றும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லொக் போட்ட டூ வீலில் முன்சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்தால் பின்னால் இருப்பது அதைத் தள்ளத்தான் பார்க்கும், முன்சில்லு தானாக ஏறாது. அதில் ஃபோர் வீலுக்கு ஈடில்லை.

வன்னி வயல்

பள்ளத்தைக் கண்டால் சுற்றிப் போகலாம்.

ஒரு கேள்வி, விற்றுவிட்டு ஃபோர் வீலே வாங்கினால் என்ன? 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025 வரை இழுத்ததில் பழைய ஹைலக்ஸுக்கே தங்க விலை. தம்பியின் டூ வீலுக்கும் நல்ல விலை வரும். மேலே கொஞ்சம் போட்டால் கொம்பனி கட்டிய எல்.என். 106 கிடைக்கும், புத்தகப் பிரச்சினையும் இல்லை.

தாளையடித் தம்பி

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாளாக எழுதவில்லை, பார்த்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன். காற்றை 18க்கு இறக்கிக் கரைக்குப் போகிறேன், ஐஸும் மீனும் நிறைந்த பெட்டிகளோடும் தானாகவே ஏறி வருகிறது, உழவு மெசினைக் கூப்பிட வேண்டி வரவில்லை. கரையில் அண்ணைமார் சிலரும் இப்போது காற்றை இறக்கிவிட்டுத்தான் வாகனத்தை விடுகிறார்கள். ஒரு காற்றுப் பம்பி வாங்கினேன், ரயர் நாலும் நிரம்பக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

வாகனத்தை விற்கமாட்டேன் அண்ணை, அது அப்பாவினுடையது. வயலுக்குப் பின் டிஃப் லொக் போடுவதாக முடிவெடுத்திருக்கிறேன், அளவு பார்க்க டிஃப்பைக் கழற்ற இருக்கிறோம். ஃபோர் வீல் ஆசை போகவில்லை. முழுச் சாமான் கட்டு ஒரே வாகனத்திலிருந்து கிடைத்தால், திணைக்களம் எழுத்தில் சம்மதம் தந்தால், அப்போது பார்ப்போம். கச்சேரிக்குப் போய் விண்ணப்பம் எப்படி என்று கேட்டுவிட்டேன்.

பழைய கராஜ்

நல்ல முடிவு. லொக் போடும்போது அக்சில் ஒயில் சீலையும் பெயரிங்கையும் சேர்த்து மாற்று, கழற்றியது கழற்றியதாக இருக்கட்டும். கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் செஸிக்கு உள்ளேயும் வில்லுத்தகட்டு இடுக்கிலும் பிரேக் டிரம்முக்குப் பின்னாலும் அடித்துக் கழுவு. செஸியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் மணலால் அடைபட்டிருக்கும், கம்பியால் குத்தி விடு. டிஃப்பின் மூச்சுக் குழாயைப் பார், அடைந்திருந்தால் சூடான டிஃப் தண்ணீருக்குள் இறங்கும்போது சீலுக்குள்ளால் உப்புத் தண்ணீரை உறிஞ்சும். டிஃப்பைக் கழற்ற முதல் வடிக்கிற ஒயில் பால் நிறத்தில் இருந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடு.